வெயில் படாத பக்கம் உருகியிருக்கிறதா? கார் பிளாஸ்டிக் உருகினால் காரணம் தேடும் வழிமுறை

"அண்ணே, காடி நிறுத்தின எடத்துலயேதான் நின்னுச்சு. யாரும் இடிக்கல, யாரும் தொடல. ஆனா சைட் மிரர் கவர் மெழுகு மாதிரி வழிஞ்சிருக்கு."

மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் கார் ஸ்பிரே கடைக்கு இந்தப் பேச்சோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போய், வாரண்டி கிடையாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "வெயில்ல உருகிடுச்சுன்னு சொன்னேன்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் கிளேம் கெட்டுப்போகிறது. வெளிப்புறக் காரணத்தால் வரும் சேதம் வாரண்டியில் சேராது என்று புத்தகத்தில் அச்சடித்திருப்பார்கள். கவுண்டரில் இருப்பவர் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அந்த விதியைக் காட்டிவிடுவார். ஒரே மாதிரி தெரியும் உருகலுக்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. ஒரு காரணத்துக்குக் கார் கம்பெனி பொறுப்பு, இன்னொன்றுக்கு எதிர்வீட்டுக்காரர் பொறுப்பு, வேறொன்றுக்கு நாமே பொறுப்பு. ஆகவே காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை "உருகியிருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதனால் என்று நீங்களாக முந்திச் சொல்லாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

காடியைக் கழுவ வேண்டாம். ஹீட் கன் வைத்து நிமிர்த்திப் பார்க்க வேண்டாம். உருகிய பாகத்தைக் கழற்றவே வேண்டாம். அந்தச் சுருக்கம் எந்தப் பக்கமாக ஓடுகிறது, எங்கே ஆழம், எங்கே மேலோட்டம் என்பதெல்லாம்தான் உங்கள் சாட்சி. தூரத்திலிருந்து காடி முழுவதும் தெரிய ஒரு படம், சுற்றியுள்ள வீடுகளும் கட்டடங்களும் தெரிய நான்கு திசையிலும் ஒவ்வொரு படம், பிறகு கிட்டப்போய் ஒரு அளவுகோல் வைத்துச் சில படங்கள். காடி எந்தத் திசை பார்த்து நின்றது என்று போனில் உள்ள திசைகாட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் திசையைப் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. பிறகு அதுதான் வேண்டியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் புரியும். சைட் மிரர் கவர், கிரில் போன்றவற்றில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். மழைச் சாரலுக்காகக் கதவுக் கண்ணாடிக்கு மேல் ஒட்டும் வைசர் செய்யும் அக்ரிலிக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். பம்பர் செய்யும் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனால் அதற்கு வெகு முன்பே வளையத் தொடங்கும். நம் ஊர் உச்சி வெயிலில் கறுப்புப் பாகம் ஒன்று 70, 80 டிகிரி வரை சூடேறலாம். இடையில் இருபது, முப்பது டிகிரிதான் மிச்சம். நேர் வெயில் மட்டும் இந்த இடைவெளியைத் தாண்டாது. தாண்டியிருந்தால், ஒன்று பிளாஸ்டிக் மட்டம், இல்லையென்றால் வெயிலோடு வேறொரு சூடு சேர்ந்திருக்கிறது.

அறிகுறி: ஒரே பக்கத்தில், அலை அலையாக, கோடு இழுத்த மாதிரி உருகியிருக்கிறது

இதுதான் எதிரொளி, அதாவது கண்ணாடியிலோ தகட்டிலோ பட்டுத் திரும்பி வந்த வெயில். இதில் கொஞ்சம் நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: உருகிய பக்கம் வெயில் பார்த்த பக்கமா, நிழல் பக்கமா? மாலை வெயில் மேற்கிலிருந்து வருகிறது. அப்போது காடியின் கிழக்குப் பக்கம் நிழலில் இருக்க வேண்டும். அந்தக் கிழக்குப் பக்கம் உருகியிருந்தால், வெயில் அங்கே நேராக வந்திருக்க வழியே இல்லை. கிழக்கே இருக்கும் ஏதோ ஒன்று அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: ஏன் வட்டமாக இல்லாமல் கோடாக இருக்கிறது? சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. எதிரொளியும் அதே வேகத்தில் நகரும். பத்து மீட்டர் தூரத்தில் உள்ள கண்ணாடியிலிருந்து வரும் வெளிச்சம் காடியின் மேல் நிமிடத்துக்கு நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஊர்ந்து போகும். போகிற வழியெல்லாம் கோடு. கேஸ் அடுப்போ சிகரெட்டோ பட்டிருந்தால் ஓரிடத்தில் குழி விழுந்திருக்கும், இப்படி ஊர்ந்த தடம் இருக்காது.

சாதாரணத் தட்டைக் கண்ணாடி தனக்குக் கிடைத்த வெயிலைவிட அதிகமாகத் திருப்பித் தர முடியாது. அதனால் எதிர்வீட்டுச் சன்னல் ஒன்றைக் காட்டி "அதுதான்" என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். ஆபத்தானவை இவை. இரட்டைக் கண்ணாடிச் சன்னல்: இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அடைபட்டிருக்கும் வாயு சுருங்கும்போது கண்ணாடி உள்பக்கமாகக் குழிந்து, வெளியிலிருந்து பார்த்தால் வெளிச்சத்தைக் குவிக்கும் குழியாடியாகிவிடும். கண்ணுக்கு அந்த வளைவு தெரியவே தெரியாது. அடுத்து, பதப்படுத்திய கடினக் கண்ணாடி. சூளையில் உருளைகள் மேல் ஓடி வருவதால் அதில் லேசான அலை இருக்கும், வெளிச்சத்தைப் பட்டை பட்டையாகச் சேர்க்கும். வளைந்த கண்ணாடிச் சுவர் உள்ள கட்டடங்களும் உண்டு. பல சன்னல்களின் வெளிச்சம் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுவதும் உண்டு. நம் ஊரில் எல்லாரும் விரும்பிப் போடும் பளபளா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டின் தகடு உள்வாங்கியிருந்தால் அதுவும் போதும். கழுவிச் சாய்த்து வைத்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தையும் குவாலி எனும் வாணலியையும்கூடச் சந்தேகப்படுங்கள்.

2013 ஆகஸ்ட் கடைசியில் லண்டனில் ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண்ணில் கட்டிக்கொண்டிருந்த உயரக் கட்டடத்தின் குழிந்த கண்ணாடிச் சுவர், கீழே நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. பழுதுபார்த்த செலவைக் கட்டடத் தரப்பு கொடுத்தது. மறு ஆண்டு அந்தச் சுவரில் வெயில் தடுப்புகள் பொருத்தப்பட்டன. குற்றம் காரிலா கண்ணாடியிலா என்று யாராவது உங்களிடம் வாதாடினால் இதைச் சொல்லலாம்.

இப்போது சோதனை. இதற்கு ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் ஒரு கடிகாரமும் போதும். காடியை வேறிடத்தில் நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் விழும் வெளிச்சத் திட்டின் ஓரத்தைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை தரையில் கோடிட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். நம் கடிகாரம் 1982 முதல் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுவதால், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றே கால் வாக்கில்தான். அந்த நேரத்தில் வெளிச்சம் சுவருக்கு ஒட்டினாற்போல் காலடியிலேயே விழும். கட்டடத்தை ஒட்டி நிறுத்திய காடிக்கு மதியம் ஆபத்து, தள்ளி நிறுத்திய காடிக்குக் காலை பத்து வாக்கிலும் மாலை நான்கு, ஐந்துக்கும் ஆபத்து. தொடுவானத்திலிருந்து 45 டிகிரி உயரத்தில் சூரியன் நிற்கும்போது, ஆறு மீட்டர் உயரக் கண்ணாடி ஆறு மீட்டர் தள்ளி வெளிச்சத்தை விழவைக்கும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த மாடி என்றுகூடப் பிடித்துவிடலாம்.

திட்டு பளிச்சென்று ஓரிடத்தில் கூடும்போது அங்கே ஒரு பழைய கறுப்புப் பிளாஸ்டிக் துண்டை வைத்து, துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியால் அளந்து, அளவும் மணியும் தெரிய வீடியோ எடுங்கள். பளபளப்பான உலோகத்தை அந்தக் கருவி தவறாகக் காட்டும், கறுப்புப் பிளாஸ்டிக்கை ஓரளவு சரியாகக் காட்டும். அந்த இடத்தில் தலையை வைத்து வெளிச்சம் வரும் திசையைப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு ஆபத்து. போனைத் தரையில் வைத்துப் படமெடுத்தால் எந்தக் கண்ணாடி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

குளுகோரில் ஒரு பள்ளி ஆசிரியை இப்படித்தான் கண்டுபிடித்தார். எட்டு மாதக் காடி, இடப்பக்க மிரர் கவரும் கதவின் கறுப்பு அலங்காரப் பட்டையும் (கார்னிஷ்) உருகிவிட்டன. சர்வீஸ் சென்டரில் மறுத்துவிட்டார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது, மாதா மாதம் தவணை கட்டுகிற காடி அல்லவா. பள்ளி விடுமுறையில் இரண்டு மாலை அவரும் அவர் மகனும் வாசலில் உட்கார்ந்து கோடு போட்டார்கள். நாலே முக்கால் மணிக்கு, எதிர் வரிசை மூன்று மாடி வீட்டின் மேல்மாடியில் தெருச் சத்தம் கேட்காமலிருக்கப் புதிதாகப் போட்டிருந்த இரட்டைக் கண்ணாடியிலிருந்து ஒரு பட்டை வந்து சரியாக அந்த இடத்தில் விழுந்தது. அவர் காடி நின்றபோது இடப்பக்கம் அந்த வீட்டைப் பார்த்திருந்தது, அதாவது கிழக்கை.

இந்த விஷயத்தில் சர்வீஸ் சென்டர் சொன்னது சரிதான் என்று நான் அவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். குவிந்த வெளிச்சத்தைத் தாங்கும்படி எந்தக் கம்பெனியும் மிரர் கவர் செய்வதில்லை. அந்தச் சண்டையில் ஆறு மாதம் போயிருந்தால் இரண்டாவது கவரும் உருகியிருக்கும்.

அறிகுறி: ஹெட்லைட்டுக்கு உள்ளே கருகல், வெளிக்கண்ணாடி நன்றாக இருக்கிறது

இதை விட்டுக்கொடுக்காதீர்கள். புரொஜெக்டர் வகை ஹெட்லைட்டில் உருண்டையான ஒரு லென்ஸ் இருக்கிறது. உள்ளிருந்து வரும் வெளிச்சத்தை நேராக்கி வெளியே அனுப்புவது அதன் வேலை. தாழ்ந்த சூரியனுக்கு முன்னால் காடி நின்றால் அதே லென்ஸ் எதிர்த்திசையில் வேலை செய்து, வெயிலைக் குவித்து உள்ளே அனுப்பும். குவியும் இடத்தில் பிளாஸ்டிக் உறை இருந்தால் அது பொசுங்கும். தினமும் மாலையில் மேற்குப் பார்த்து நிற்கும் காடிகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் எதிர்வீடும் இல்லை, கட்டடமும் இல்லை. வெயிலைக் குவித்தது காடியின் சொந்த லென்ஸ். வெயிலில் நிறுத்துவது காடியின் சாதாரணப் பயன்பாடு. ஆகவே இது வடிவமைப்புக் குறை, வெளிப்புறக் காரணம் அல்ல. இந்த வாக்கியத்தை இதே சொற்களில் கிளேம் பாரத்தில் எழுதுங்கள். பல்பை நீங்கள் வெளியே மாற்றியிருந்தால் மட்டும் வாதம் பலவீனமாகும். கூடுதல் சூடு தரும் பல்ப் என்று சொல்லிவிடுவார்கள். அப்படியானால் கருகல் பல்புக்குக் கிட்டேயா, லென்ஸைச் சுற்றியுள்ள உறையிலா என்று பாருங்கள். உறையில் மட்டும், அதுவும் மேலும் கீழுமாக ஒரு வளைகோடாக இருந்தால் அது சூரியன் போட்ட கோடு.

அறிகுறி: கதவு வைசர் வளைந்து கண்ணாடியை விட்டு விலகி நிற்கிறது

நான்கு கதவிலும் ஒரே அளவு வளைந்திருந்தால் பொருள் மட்டம். ஒரு பக்கம் மட்டும் என்றால் மேலே சொன்ன எதிரொளிச் சோதனைக்குப் போங்கள். வைசரை யார் பொருத்தியது என்பதுதான் இங்கே கேள்வி. வெளிக்கடையில் வாங்கியது என்றால் அந்தக் கடையோடு பேச வேண்டும். காடி வாங்கும்போதே பேக்கேஜில் சேர்த்துக் கொடுத்தது என்றால், விற்பனை ரசீதில் அது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் "அது எங்கள் பொருள் அல்ல" என்று அவர்கள் தப்ப முடியாது.

அறிகுறி: முன் பம்பரின் கீழ் உதடு அல்லது நம்பர் பிளேட் ஓரம் குமிழ் விட்டிருக்கிறது

புதுக் காடிக்குப் பூசை போட்டது என்றைக்கு? கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, காற்றடித்து அந்தச் சுடர் பம்பர் பக்கம் சாய்ந்ததை அந்த நேரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குமிழ் சிறியதாக, கீழிருந்து மேலாகப் புகை படிந்து, நடுவில் இருந்தால் இதை நினைவுபடுத்திப் பாருங்கள். தீபாவளி மறுநாள் வரும் காடிகளில் மத்தாப்புப் பொறி பட்ட குழிகள் ஊசி குத்தினாற்போல் இருக்கும். பின் பம்பரில் என்றால் சொந்தப் புகைக்குழாய், அல்லது ஒட்டி நிறுத்திய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய். இவை எதுவும் வாரண்டி அல்ல. பழைய காடிகளின் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் ஒரு பாகம் தேடி மாற்றிக்கொள்வதுதான் வழி.

அறிகுறி: டேஷ்போர்டு பிசுபிசுக்கிறது, அல்லது வெளிக் கறுப்புப் பாகம் வெளுத்துவிட்டது

இரண்டும் உருகல் அல்ல. வெளுப்பது புற ஊதாக் கதிரால் மேல்தோல் அழிவது, வருடக்கணக்கில் நடப்பது. பிசுபிசுப்பு வேறு. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பொருளே சிதைந்து மேலே வருவது அது. அமெரிக்காவின் வெப்பமான மாநிலங்களில் இதே புகார் பல மாடல்களுக்கு எழுந்து, டொயோட்டா சில மாடல்களின் டேஷ்போர்டை மாற்றிக்கொடுக்க முன்வந்தது. எனவே கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் மினுமினுப்புக்காக நீங்கள் தடவிய பாலிஷ் எண்ணெய்தான் ஒட்டுகிறதா என்று முதலில் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

கவுண்டரில் மறுத்துவிட்டால்

வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். எந்த விதி எண்ணின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சோதித்தவர் யார், என்ன சோதித்தார் என்றும் கேளுங்கள். பாகத்தை மாற்றினால் பழையதை என்னிடம் தர வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். குப்பையில் போன பாகத்தை வைத்து யாரும் வாதாட முடியாது.

குறை காடியில்தான் என்று உங்கள் சோதனை காட்டினால், வாரண்டிப் புத்தகத்தோடு கதை முடிவதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் தோற்றமும் அந்தத் தரத்தில் அடக்கம். மலேசியாவில் விற்ற காடி மலேசிய வெயிலைத் தாங்க வேண்டும். மறுப்புக் கடிதம் கையில் வந்ததும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பாரம் 1 எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வேண்டியதில்லை. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

ஹெட்லைட் கருகிய ஒரு தம்பிக்குப் படங்களையும் மணிக் குறிப்பையும் நான் அடுக்கிக்கொடுத்தேன். விசாரணை நாளுக்கு முன்பே விற்பனைத் தரப்பிலிருந்து கூப்பிட்டு விளக்கை மாற்றிக்கொடுத்துவிட்டார்கள்.

எதிரொளி என்றால் அந்த மன்றம் உதவாது. எதிர்வீட்டுக்காரர் உங்களுக்கு எதையும் விற்கவில்லையே. கொண்டோவோ அலுவலகக் கட்டடமோ என்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வீடியோவோடு, நேர அட்டவணையோடு. ஜாகாவிடம் (காவலாளியிடம்) வாயால் சொல்லிவிட்டு வருவது எழுதிக்கொடுத்ததாக ஆகாது. அசைந்தே கொடுக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நடத்தும் சிறு கோரிக்கை முறை இருக்கிறது. காப்புறுதியில் கிளேம் செய்வதற்கு முன் யோசியுங்கள். கிளேம் செய்யாமல் ஐந்தாண்டு சேர்த்த 55 விழுக்காடு என்சிடி தள்ளுபடி போய்விட்டால், ஒரு மிரர் கவருக்காக அதைவிடப் பெரிய தொகையை இழப்பீர்கள்.

எதிர்வீடு என்றால் முதலில் நேரில் போய்ப் பேசுவதுதான் என் ஆலோசனை. ஆசிரியை தம் மகனோடு, போனில் உள்ள வீடியோவை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சீன அங்கிளுக்குத் தம் கண்ணாடி இப்படிச் செய்யும் என்று தெரியவே தெரியாது. மறுநாள் நாலே முக்காலுக்குத் தாமே இறங்கி வந்து பிளாஸ்டிக் துண்டைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார். பாதிச் செலவைக் கொடுத்தார். சன்னலுக்கு வெளியே மூங்கில் சிக் (தட்டி) மாட்டினார். வெளியே என்பது முக்கியம். உள்ளே திரை போட்டால் கண்ணாடியின் வெளிப்பரப்பு அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். வெளிப்பக்கம் கொசுவலை அல்லது செடிகளுக்குப் போடும் கறுப்பு நிழல்வலை இருந்தாலும் வெளிச்சம் சிதறிவிடும்.

தடுப்புப் போட்ட பிறகு அதே மணிக்கு அதே இடத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். அதோடு விடவும் வேண்டாம். சூரியன் ஜூனில் வடமேற்கிலும் டிசம்பரில் தென்மேற்கிலும் இறங்குகிறது. மேற்குப் பார்த்த கண்ணாடியின் திட்டு ஜூனில் தெற்கே, டிசம்பரில் வடக்கே, ஒரு காடி நீளத்துக்குக்கூட நகர்ந்துவிடும். உங்கள் காடி தப்பியிருக்கும், பக்கத்து வீட்டுக் காடி அகப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு மாலை, அந்தச் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள்.